இனிப்புண்டு, சீனியில்லை

கதிர்காமுவுக்குச் சலரோகம் என்ற சங்கதி உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒருவர் ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரி டொக்டர். மற்றவள் மனைவி மனோகரி. மூன்றாவது ஆள் கதிர்காமுவேதான். ஆனால் அவர் அதை இன்னும் முழுதாக நம்பவில்லை.

"இரத்தத்திலை சீனி கூடிப்போச்சு" என்று டொக்டர் சொன்னபோது, "சீனி கிடைக்காமல் சனம் அல்லாடுது ஐயா, எனக்கு உள்ளுக்கையே விளையுது. நல்லதுதானே?" என்று கேட்டுவிட்டார். டொக்டர் சிரிக்கவில்லை. காலையில் ஒரு குளிசை போடும்படி சொல்லி, "குளிசை போட்டால் கட்டாயம் சாப்பிட வேணும். சாப்பாட்டை விட்டால் சீனி கீழை விழுந்து ஆள் மயங்கிப்போம். அப்பிடி வந்தால் உடனை சீனி குடுக்க வேணும்" என்றார். கதிர்காமுவின் காதில் முதல் பாதி விழுந்தது. பக்கத்தில் நின்ற மனோகரியின் காதில் முழுவதும் விழுந்தது.

"இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்" என்று திரும்பி வரும்போது பஸ்சுக்குள் மனைவியிடம் கெஞ்சினார் கதிர்காமு.

காரணம் கயிறு. சித்திரை வருஷப் பிறப்புக்கு வேலணைக்காரரும் ஊர்காவற்றுறைக்காரரும் கயிறு இழுப்பார்கள். ஊர்காவற்றுறைக்காரர் கரைவலை இழுத்து இழுத்துக் கை உரமேறியவர்கள். வேலணைக்காரருக்குக் கயிறு என்றால் மாடு கட்டத் தெரியும், அவ்வளவுதான். இருந்தும் வருஷா வருஷம் மானம் முழுதாகப் போகாமல் காத்தவர் கடைசி ஆளாகக் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு சாயும் கதிர்காமு. ஊர் அவருக்கு வைத்த பெயர் நங்கூரம். சொந்தக் கல்யாணத்தில்கூட அவருக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

நோய் வருத்தக்காரனைக் கயிற்றில் விடமாட்டார்கள். நாகமுத்துவுக்கு அதுதான் நடந்தது. இரண்டாவது ஆளாக நின்று சிங்கம் மாதிரி இழுத்த மனிதன். குடலிறக்கம் என்று தெரிந்ததும் ஒரு தட்டத்தைக் கையில் கொடுத்து, இழுக்கிறவர்களுக்குத் தேசிக்காய்த் துண்டு, அதாவது எலுமிச்சைத் துண்டு, பரிமாறும் உத்தியோகத்தில் அமர்த்திவிட்டார்கள். இப்போது சின்னப் பிள்ளைகள்கூட அவரைத் 'தேசிக்காய் நாகமுத்தர்' என்றுதான் கூப்பிடுகின்றன. நங்கூரம் என்று கேட்டுப் பழகிய காதால் தேசிக்காய் என்று கேட்கக் கதிர்காமு தயாராக இல்லை.

மனோகரி அன்றே குசினியைக் கைப்பற்றினாள். சீனிப் போத்தல், பனங்கட்டிக் குட்டான், பயற்றம் பணியாரம் எல்லாம் அலுமாரிக்குள் போயின. பூட்டிய திறப்பு அவளுடைய சேலைத் தலைப்பில் ஏறியது. கதிர்காமு வெறும் தேத்தண்ணீரை உதட்டில் வைக்கும்போதெல்லாம் செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். பார்க்கச் சகிக்காமல் மனோகரி ஜேர்மனிக்கு எழுதினாள். அங்கே அவளுடைய பெறாமகன், தமக்கையின் மகன் ஒருவன் இருந்தான். போன ஆடிக் கலவரத்தில் கொழும்பிலிருந்து உடுத்த உடுப்போடு ஓடித் தப்பியவன். அவன் ஊருக்கு வந்த யாரிடமோ கொடுத்து இரண்டு குட்டிப் பெட்டிகள் அனுப்பினான். மேலே அமத்தினால் கீழே 'டிக்' என்று கடுகைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைக் குளிசை ஒன்று விழும். சீனி இல்லாத இனிப்பு.

வேலணையில் தேத்தண்ணீருக்குள் சீனி போட்டுக் கலக்குவது விருந்தாளிக்குக் காட்டும் ஆடம்பரம். வீட்டில் வெறும் தேத்தண்ணீர்தான்; உள்ளங்கையில் கொஞ்சம் சீனி, அல்லது பல்லிடுக்கில் பனங்கட்டித் துண்டு. ஒரு கடி, ஒரு மிடறு. கதிர்காமு மூன்று குளிசைகளை உள்ளங்கையில் கொட்டினார். 'இவ்வளவு சின்னதாய்க் கிடக்கே' என்று இன்னும் இரண்டு தட்டினார். ஐந்தையும் வாயில் எறிந்து ஒரே கடி.

இனிப்பு நாக்கில் ஏறி உச்சந்தலை வரைக்கும் போய், திரும்பி வருகிற வழியில் வேப்பெண்ணெயாக மாறிற்று. தேத்தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். கிணற்றடிக்கு ஓடினார். நாக்கைத் துவாயால் துடைத்தார். மத்தியானம் மீன்குழம்பு இனித்தது. பின்னேரம் சுருட்டும் இனித்தது.

"கடிக்கிறதில்லையப்பா, கரைக்கிறது!" மனோகரி சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாள்.

"அதைப் பெட்டியிலை எழுதியிருக்கலாமே?"

"எழுதித்தான் கிடக்கு. ஜேர்மன் பாஷையிலை."

அந்த நேரம் பார்த்து மனோகரியின் தமையன் இராசநாயகம் படலையைத் திறந்துகொண்டு வந்தார். கொழும்பில் கந்தோர் உத்தியோகம் பார்த்து, கலவரத்தோடு ஊருக்கு வந்து, உத்தியோகம் இல்லாத குறைக்கு ஊரைத் திருத்தப் புறப்பட்டிருப்பவர். பெட்டியை வாங்கிக் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படித்தார்.

"இங்கிலிசை இவ்வளவு பிழையாய் எழுதினவன்ரை குளிசையை நம்பி வாயிலை வைக்கலாமோ? ஆருக்கு இது?"

"எனக்குத்தான் அண்ணை" என்றாள் மனோகரி பட்டென்று. "உடம்பு கொஞ்சம் மெலியட்டும் எண்டு."

கதிர்காமு நன்றியோடு அவளைப் பார்த்தார். ஏற்கனவே ஈர்க்கு மாதிரி இருப்பவள் அவள்.

"கவனம் தங்கச்சி. பேப்பரிலை பாத்தனான். வெளிநாட்டிலை இந்தச் சாமானை எலிக்குக் குடுத்துப் பாத்தவங்களாம். எலிக்குப் புற்றுநோய்."

"எவ்வளவு குடுத்தவங்கள் மச்சான்?" என்றார் கதிர்காமு.

"கணக்கில்லாமல்."

"கணக்கில்லாமல் குடுத்தால் எலி பிட்டுத் திண்டும் சாகும்."

இராசநாயகத்துக்கு எலி முக்கியமில்லை. அவர் வந்த காரியம் வேறு. அடுத்தநாள் பின்னேரம் கயிறு இழுக்கும் எட்டுப் பேரையும் கூட்டி வைத்துப் பிரசங்கம் செய்தார்.

"நீங்கள் தோக்கிறது பலமில்லாமல் இல்லை. சக்தி இல்லாமல்."

"ரெண்டுக்கும் என்ன அண்ணை வித்தியாசம்?" என்று கேட்டார் முன்னுக்கு நின்று இழுக்கும் ஐயாத்துரை.

"பலம் உடம்பிலை இருக்கிறது. சக்தி ரின்னிலை இருக்கிறது." பைக்குள் இருந்து குளுக்கோஸ் ரின்கள் மூன்றை எடுத்து மேசையில் வைத்தார். கொழும்பில் அவருடைய கந்தோர் ஹொக்கி அணி இதைக் கரைத்துக் குடித்துத்தான் கிண்ணம் எடுத்ததாம். "உப்பு, தேசிப்புளி, குளுக்கோஸ். சக்திப் பானம்! போட்டிக்கு முன்னம் ஆளுக்கு ரெண்டு கோப்பை. என்ரை கண்ணுக்கு முன்னாலை குடிக்க வேணும். குடியாத ஆள் கயித்திலை தொடேலாது."

கதிர்காமு ரின்களை எண்ணிப் பார்த்தார். சீனியே ஆகாத உடம்புக்குச் சீனியின் அண்ணனை ஊற்றச் சொல்கிறார்கள். மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். கேள்வி வந்தால் தேசிக்காய்த் தட்டம் வரும்.

அதைவிட ஆச்சரியம், மனோகரி முன்னால் வந்து, "அண்ணை, ரின்னை என்னட்டைத் தாங்கோ. நான் கரைச்சுக் கிடாரத்திலை கொண்டு வாறன்" என்றது. கதிர்காமுவுக்கு மனம் நொந்துபோயிற்று. ஒரு கரண்டிச் சீனிக்குக் கணக்குக் கேட்டவள், ஊருக்கு முன்னால் புருஷனின் மானம் என்று வந்ததும் கிடாரமே கரைக்கச் சம்மதித்துவிட்டாள். 'என்னிலை அவ்வளவு பட்சம்' என்று ஒரு பக்கம் கண் கலங்கியது; 'தாலியிலை பட்சமில்லையோ' என்று மறுபக்கம் யோசனை ஓடியது.

இரவு முழுக்கப் புரண்டு அவர் ஒரு கணக்குப் போட்டார். பானம் சீனியை ஏற்றும். டொக்டர் தந்த குளிசை சீனியை இறக்கும். அன்றைக்கு மட்டும் காலையில் ஒன்று, மத்தியானம் இரண்டு. அதோடு மத்தியானச் சாப்பாட்டை விட்டால் பானத்துக்கு வயிற்றில் இடமும் கிடைக்கும். ஏறுகிறதும் இறங்குகிறதும் சமன். தோட்டக் கிணற்றில் ஏறி இறங்கித் துலா மிதிக்கிறவனுக்கு இந்தக் கணக்கை எந்த டொக்டர் சொல்லிக் கொடுக்க வேண்டும்? தன் மூளையை நினைத்துத் தானே வியந்தபடி நித்திரையானார்.

வருஷப் பிறப்பன்று மத்தியானம் மனோகரி குரக்கன் பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்துவிட்டு, கிடாரத்தோடு முன்னதாகவே புறப்பட்டாள். கதிர்காமு பிட்டைக் கன்றுக்குட்டிக்கு வைத்தார். இரண்டு குளிசையை விழுங்கினார். நங்கூரம் புறப்பட்டது.

அறுவடை முடிந்த வயல்வெளியில் சனம் நெருக்கமாக நின்றது. கொழும்பிலிருந்து வந்து சேர்ந்த குடும்பங்களால் அந்த வருஷம் ஊரில் ஆள் கூட. ஊர்காவற்றுறைக் கட்சியின் கடைசி ஆள் பஸ்ரியாம்பிள்ளை, தேக்கங்குற்றி போல் தோளை உலுப்பிக்கொண்டு வந்தார்.

"கதிர்காமண்ணை, நங்கூரத்திலை துருப் பிடிச்சிட்டுதாம் எண்டு கரையிலை கதைக்கினம்?"

"துருப் பிடிச்ச நங்கூரம்தான் நல்லாய்ப் பிடிச்சு நிக்கும் பஸ்ரியாம்பிள்ளை. நீர் உம்மடை வள்ளத்தைப் பாரும், இப்பவே ஆடுது."

"ஆடுறது வள்ளமோ உங்கடை வயித்து வண்டியோ எண்டு இன்னும் கொஞ்சத்திலை தெரியும்."

நாகமுத்து கிடாரத்திலிருந்து கோப்பை கோப்பையாக மொண்டு கொடுத்தார். இராசநாயகம் ஒவ்வொருவருடைய தொண்டைக் குமிழும் ஏறி இறங்குவதைக் கண்ணால் எண்ணினார்.

"அம்மாடி, என்ன இனிப்பு!" என்றார் ஐயாத்துரை. "அண்ணை, நரம்பெல்லாம் முறுக்கேறுது. இஞ்சை பாருங்கோ."

"பின்னாலை ஒரு கைப்பு நிக்குது" என்றார் இன்னொருவர்.

"கைப்பெண்டால் மருந்துக் குணம்" என்றார் இராசநாயகம்.

கதிர்காமு குடித்தார். இனித்தது; பிறகு கைத்தது. இந்தக் கைப்பை எங்கேயோ சந்தித்திருக்கிறோமே என்று நாக்கு யோசித்தது. மறு கோப்பையைக் குடித்தார். தூரத்தில் பெண்கள் பக்கத்தில் நின்ற மனோகரி, பிள்ளைக்கு மருந்து பருக்கிய தாய் போல நிம்மதியாக அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாக்கு யோசித்து முடிப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

முதல் இழுவை வேலணைக்கு! சக்தி நரம்பில் ஏறிவிட்டது என்ற நம்பிக்கையிலேயே எட்டுப் பேரும் எருமைகளாகிவிட்டார்கள். இராசநாயகம் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். இரண்டாவது இழுவை ஊர்காவற்றுறைக்கு. அதில் கதிர்காமுவின் கை நடுங்கியது. வேர்வை சாதாரண வேர்வையாக இல்லை, குளிர்ந்து வழிந்தது. வயிற்றுக்குள் யாரோ வாளி போட்டு இறைப்பது மாதிரிப் பசித்தது.

"சக்தி முடிஞ்சு போச்சு, ஊத்தும்" என்று நாகமுத்துவிடம் இன்னும் இரண்டு கோப்பை வாங்கிக் குடித்தார். கை இன்னும் கூடத்தான் நடுங்கியது.

மூன்றாவது இழுவை. கயிற்றை இடுப்பில் சுற்றிச் சாய்ந்தார். எதிர்ப்பக்கத்துக் கடைசியில் இரண்டு பஸ்ரியாம்பிள்ளைகள் நின்றார்கள்.

"இது அநியாயம்" என்று சொன்னார் கதிர்காமு. "ஒரு பக்கத்திலை ரெண்டு பஸ்ரியாம்பிள்ளை இழுக்கேலாது." பிறகு, "கன்றைக் கட்டுங்கோ, பிட்டைத் திண்டிட்டுது" என்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல் மல்லாந்து விழுந்தார்.

வேலணைச் சனம் ஆர்ப்பரித்தது. "நங்கூரம் போட்டாச்சடா! இழுங்கோ!" கட்டிய கயிற்றோடு கிடந்த அந்தப் பாரத்தை ஊர்காவற்றுறையாரால் அசைக்க முடியவில்லை. இது புதுவிதமான தந்திரம் என்றே எல்லாரும் நினைத்தார்கள். பஸ்ரியாம்பிள்ளை மட்டும் கழுத்தை நீட்டிப் பார்த்தார். கதிர்காமுவின் தலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

"கயித்தை விடுங்கோடா!" என்று அலறினார். "மனிசனுக்கு ஏதோ செய்யுது, விடுங்கோ!"

விட்டார்கள். வேலணையார் ஏழு பேரும் ஒருவர் மேல் ஒருவராகக் குவிந்தார்கள். விசில் ஊதியது. வேலணை வென்றது. யாரோ அவசரப்பட்டுச் சீனவெடியைக் கொளுத்திவிட்டார்கள்.

கதிர்காமுவுக்கு எல்லாம் கிணற்றுக்கு அடியில் இருந்து கேட்பது போல் கேட்டது.

"சக்தி காணாமல் போச்சு! பானத்தைப் பருக்குங்கோ!" இது இராசநாயகம். கோப்பை உதட்டில் முட்டியது. இனிப்பு, கைப்பு. கடைவாயால் வழிந்தது. திரும்பவும் இனிப்பு, கைப்பு. கிணறு இன்னும் ஆழமாயிற்று.

பிறகு மனோகரியின் குரல். அவளுக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது கலியாணம் முடித்து இருபது வருஷத்தில் அவருக்குத் தெரியாது.

"ஊத்தாதேங்கோ! அதிலை சீனி இல்லை!"

"விசர்க் கதை கதையாதை தங்கச்சி, இனிக்குது!"

"ஓம் அக்கா" என்றார் நாகமுத்து, ஒரு விரலைக் கிடாரத்தில் விட்டு நக்கி. "தேன் மாதிரி."

"இனிக்கும். ஆனால் சீனி இல்லை. குளுக்கோசு ரின் மூண்டும் வீட்டிலை அலுமாரிக்குள்ளை கிடக்கு. நான் ஜேர்மன் குளிசையைப் பெட்டியோடை கரைச்சனான்." பிறகு சொன்னாள்: "அவருக்குச் சலரோகம்."

வயல்வெளி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கிணற்றுக்கு அடியில் கிடந்த கதிர்காமுவுக்கு, உயிரோடு கிடப்பதில் இப்படியும் ஒரு சங்கடம் உண்டா என்று இருந்தது.

மனோகரி குனிந்து அவருடைய கன்னத்தில் தட்டினாள். "இஞ்சாருங்கோ, இண்டைக்கு எத்தினை குளிசை போட்டனீங்கள்?"

அவர் பெரும்பாடுபட்டு மூன்று விரலைக் காட்டினார்.

"மூண்டாவது இழுவையும் எங்களுக்குத்தான் எண்டு சொல்லுறார்" என்று விளக்கினார் ஐயாத்துரை.

மனோகரிக்கு மட்டும் விளங்கியது. சீனியை அவள் எடுத்துவிட்டாள். சீனியை இறக்கும் குளிசையை அவர் கூட்டிவிட்டார். ஒருவரை ஒருவர் காப்பாற்றப் போய் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஆளைக் கொல்லப் பார்த்திருக்கிறார்கள்.

"சீனி! ஆராவது சீனி தாங்கோ! மெய்யான சீனி!"

எல்லாரும் ஐஸ்பழக்காரனைத் திரும்பிப் பார்த்தார்கள். சைக்கிளில் பெட்டியோடு நின்றவன் தலையைச் சொறிந்தான்.

"குடன் தம்பி ஒண்டு, என்ன பாக்கிறாய்?" என்றாள் மனோகரி.

"அக்கா, உயிர்ப் பிரச்சினை எண்டபடியால் சொல்லுறன்" என்றான் அவன், குரலைத் தணித்து. "என்ரை ஐஸ்பழத்திலையும் சீனி இல்லை. அது சக்கரின்."

காலையிலிருந்து சூப்பிக்கொண்டு நின்ற பிள்ளைகள் தங்கள் கையிலிருந்த குச்சியைச் சந்தேகத்தோடு பார்த்தன.

பஸ்ரியாம்பிள்ளை யாரையும் கேட்கவில்லை. பரிசு மேசைக்குப் பாய்ந்தார். தேங்காய் துருவும் போட்டியில் வென்ற பெண்ணுக்குப் பரிசாக இரண்டு இறாத்தல் சீனி, சிவப்புப் பேப்பர் சுற்றி ரிபன் கட்டி இருந்தது.

"பரிசளிப்புக்கு முன்னம் பிரிக்கக் கூடாது!" கந்தோர்ப் பழக்கத்தில் இராசநாயகத்தின் வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

"நான் வெண்ட சீனி, நான் பிரிக்கிறன்" என்றாள் அன்னபூரணம், வென்றவள். ரிபனைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

கதிர்காமு கிணற்றிலிருந்து மெல்ல மெல்ல மேலே வந்தார். வந்தபோது பஸ்ரியாம்பிள்ளையின் மடியில் அவர் தலை இருந்தது. மனோகரியின் விரல் அவர் கடைவாய்க் கொடுப்புக்குள் ஈரச் சீனியைத் தேய்த்துக்கொண்டிருந்தது. பின்னால் கைப்பு இல்லாத, கரகரவென்ற, உண்மையான சீனி. இரண்டு மாதமாகத் திறப்பைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தவளின் கை முழுக்கச் சீனி.

"இன்னும் கொஞ்சம்" என்றார். அதுதான் முதல் வார்த்தை.

"எல்லாத்தையும் தின்னுங்கோ! தின்னுங்கோ!" என்று மனோகரி அடிப்பது போல் ஊட்டினாள். ஊட்டிக்கொண்டே அழுதாள்.

ஆசுப்பத்திரியில் டொக்டர் இரண்டு பேரையும் முன்னால் இருத்தினார்.

"ஆளுக்காள் தெரியாமல் வைத்தியம் பாத்திருக்கிறியள். நல்ல காலம், நான் ஒராள் மூண்டாவதாய்ச் சேரேல்லை."

"அப்ப அந்த ஜேர்மன் குளிசை கூடாதோ ஐயா?" என்று மனோகரி கேட்டாள்.

"ஆர் கூடாதெண்டது? தேத்தண்ணிக்கு நல்லது. சீனியை ஏத்தாது, பல்லையும் அரிக்காது. ஒரு நாளைக்கு ரெண்டு மூண்டு போடட்டும். ஆனால் அது நாக்குக்குத்தான் இனிப்பு. இழுக்கிற கைக்கு அதிலை ஒண்டுமில்லை. சீனி விழுந்த ஆளுக்கு அதைப் பருக்கினால் பச்சைத் தண்ணி பருக்கினதுதான்."

"எலிக்கு…" என்று தொடங்கினார் கதிர்காமு.

"எலியின்ரை சங்கதியை அவங்கள் இன்னும் முடிவாய்ச் சொல்லேல்லை. அதுதான் பெட்டியோடை கரைக்கப்படாது எண்டுறன். நீர் முதல் பிட்டைத் தின்னும், எலியைப் பிறகு பாப்பம்."

வீட்டுக்கு வந்து கதிர்காமு முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். இனி ஊர் வரும், அனுதாபம் சொல்லும், தட்டத்தை நீட்டும் என்று காத்திருந்தார். முன்படலையால் ஒருவரும் வரவில்லை. பின்வேலி ஓட்டைப் பொட்டுக்குள்ளால் ஐயாத்துரை வந்தார்.

"அக்கா" என்றார் மனோகரியிடம் மெதுவாக. "அந்தக் குளிசை ஒரு பத்துக் கிடக்குமோ? எனக்கில்லை. மாமிக்கு."

"உங்கடை மாமி மாசியிலை செத்துப்போனாவெல்லே?"

ஐயாத்துரை நிலத்தைப் பார்த்தார். "எனக்குத்தான். ரெண்டு வருஷமாய். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ, கயித்திலை இருந்து எடுத்துப்போடுவினம்."

அடுத்தநாள் கயிற்றில் மூன்றாவதாக நிற்பவர் வந்தார்; தம்பியின் பெண்சாதிக்காம். அதற்கடுத்தவர் நேராகவே கேட்டார். பின்னேரம் இராசநாயகம் வந்து, ஆராய்ச்சிக்கு ஒரு பெட்டி வேண்டும் என்றார். மனோகரி அவர் முகத்தையே பார்த்தாள். "சரி, சரி. எனக்கும் கொழும்பிலேயே வந்தது" என்றார் அவர். "குளுக்கோசை நான் மட்டும் குடியாமல் நிண்டதைக் கண்டனீரே?"

கதிர்காமு சிரித்த சிரிப்பில் கதிரை முறியப் பார்த்தது. சலரோகக்காரரை எல்லாம் எடுத்துவிட்டால் கயிறு தன்பாட்டில் வயலில் கிடக்க வேண்டியதுதான்.

பஸ்ரியாம்பிள்ளை மட்டும் முன்படலையால், சைக்கிள் மணி அடித்துக்கொண்டு, ஒரு கோர்வை ஒட்டி மீனோடு வந்தார்.

"அண்ணை, நான் கயித்தை விட்டது நீங்கள் செத்துப்போவியள் எண்டு. இப்ப கல்லுப் போலை இருக்கிறியள். விட்டுக்குடுத்தது எனக்கு நட்டம். திரும்ப இழுக்க வேணும்."

கதிர்காமு மனைவியைப் பார்த்தார். இராசநாயகமும் அவளைத்தான் பார்த்தார். அந்தக் கயிற்றில் யார் நிற்பது என்பது இப்போது யார் கையில் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மனோகரி மீன் கோர்வையை வாங்கினாள். "அவர்தான் கடைசியிலை நிப்பார்" என்றாள். "ஆனால் அண்டைக்கு மத்தியானம் என்ரை கண்ணுக்கு முன்னாலை சாப்பிட்டிட்டு. ஒரு பருக்கை மிச்சம் விடேலாது."

"சாப்பிடுறன்" என்றார் கதிர்காமு. "இந்த ஒட்டியைக் குழம்பு வைக்கப் போறீரோ, பொரிக்கப் போறீரோ?"